எண்டர்ஸ் கேம்: குழந்தைப் போர்வீரனின் மனசாட்சி குறித்து எழும் கேள்விகள்

கேவின் ஹூட் இயக்கி 2013-ஆம் ஆண்டு வெளிவந்த ‘எண்டர்ஸ் கேம்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் பணியாற்றுகிறவர்கள், எழுப்பக்கூடிய கேள்விகளுக்கு உளவியல் நோக்கிலும் கிறிஸ்தவ நோக்கிலும் இங்கே பதில் தரப்பட்டுள்ளது. முடிவைப் பேசாமல் இந்தப் படத்தின் அறச்சிக்கலைப் பேச இயலாது. ஆகவே கதையின் முடிவும் இதில் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது.

படத்தின் கதை என்ன?

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஃபார்மிக் என்னும் வேற்றுக்கோள் உயிரினம் பூமியைத் தாக்கிப் பெரும் அழிவை உண்டாக்கியது. மேசர் ராக்கம் என்ற விமானியின் துணிவால் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவை மீண்டும் வரும் என்று அஞ்சும் பன்னாட்டுப் படை, கூர்மையான அறிவுள்ள சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து விண்வெளிப் பள்ளியில் தளபதிகளாகப் பயிற்றுவிக்கிறது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான் எண்டர் விக்கின். கர்னல் கிராஃப் அவனை நெருக்கடிமேல் நெருக்கடி கொடுத்து உருவாக்குகிறார். இறுதித் தேர்வு என்று சொல்லி வைக்கப்பட்ட போலிப்போரில் எண்டர் எதிரியின் கோளையே அழித்து வெற்றி பெறுகிறான். அதன் பிறகுதான், அது பயிற்சி அல்ல, உண்மைப் போர் என்றும், ஓர் இனம் முழுவதும் தன் கட்டளையால் அழிந்தது என்றும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. எஞ்சியிருக்கும் ஒரே ஓர் அரசியின் கருவைக் கண்டெடுத்து, அதற்கு ஒரு புதிய கோளைத் தேடிப் புறப்படுவதோடு படம் முடிகிறது.

ஆர்சன் ஸ்காட் கார்டு 1985-இல் எழுதிய நாவல்தான் மூலம். நெபுலா, ஹியூகோ ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்ற நாவல் அது. எண்டராக ஏசா பட்டர்ஃபீல்டும், கிராஃபாக ஹாரிசன் ஃபோர்டும், உளவியல் பொறுப்பை ஏற்றிருக்கும் மேஜர் ஆண்டர்சனாக வயோலா டேவிஸும், ராக்கமாக பென் கிங்ஸ்லியும் நடித்திருக்கிறார்கள்.

போருக்கு ஏன் குழந்தைகள்? படம் தரும் காரணம் நம்பத்தக்கதா?

சிக்கலான தகவல்களைப் பெரியவர்களைவிட விரைவாக உள்வாங்கும் ஆற்றலும், தயக்கமின்றி முடிவெடுக்கும் துணிவும் பிள்ளைகளிடம் உண்டு என்று படம் சொல்கிறது. இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துணிவின் மறுபக்கத்தைப் படையினர் சொல்வதில்லை. விளைவை எடைபோடவும், உந்துதலைத் தடுத்து நிறுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பிள்ளையின் தயக்கமின்மை என்பது பெரும்பாலும் முதிர்ச்சி இன்னும் வந்து சேராத நிலையே. அந்த முதிராமையைக் காத்து வளர்க்க வேண்டிய பெரியவர்கள், அதையே தங்களுக்குப் பயன்படும் ஆயுதமாகக் காண்கிறார்கள். உண்மை உலகில் சிறார்களைப் படையில் சேர்த்த தளபதிகளின் கணக்கும் இதுதான்: பிள்ளை கீழ்ப்படியும், எளிதில் வசப்படும், ஆபத்தை முழுமையாக அறியாது.

இது கற்பனைதானே? உண்மையான சிறார் போராளிகளோடு இதை ஒப்பிடுவது பொருந்துமா?

பொருந்தும் என்றே கருதுகிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. எண்டருக்குத் தூய்மையான படுக்கையும், கல்வியும், மரியாதையும் கிடைக்கின்றன. காங்கோவிலும், உகாண்டாவிலும், சியரா லியோனிலும், இலங்கையிலும் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அவை எவையும் கிடைக்கவில்லை. கடத்தல், பட்டினி, பாலியல் வன்கொடுமை, சொந்த ஊராரையே கொல்லுமாறு கட்டாயப்படுத்தப்படுதல் ஆகியவற்றை அவர்களில் பலர் அனுபவித்தார்கள். படத்தின் பளபளப்பான விண்கலங்கள் அந்தத் துயரத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம்.

ஆயினும் உள்ளே இயங்கும் முறை ஒன்றே. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது முன்பு போர்க்குற்றமாக இருந்ததே என்று மேஜர் ஆண்டர்சன் படத்தில் நினைவூட்டுகிறார். இது கற்பனை வசனமன்று. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய, 1998-இல் ஏற்கப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சட்டம், பதினைந்து வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்ப்பதையும் போரில் பயன்படுத்துவதையும் போர்க்குற்றம் என்று வரையறுக்கிறது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கைக்குத் துணையாக 2000-ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற விருப்ப நெறிமுறை, கட்டாயமாகப் படையில் சேர்ப்பதற்கும் நேரடிப் போரில் ஈடுபடுத்துவதற்குமான வயது வரம்பைப் பதினெட்டாக உயர்த்தியது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்காகத்தான்: காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபங்கா 2012-இல் குற்றவாளி என அறிவிக்கப்பட்டு 14 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். படத்தின் எதிர்காலம் நமக்கு முன்னே இருக்கும் ஒன்றைக் காட்டவில்லை. மனிதகுலம் ஒருமுறை எழுதிவைத்த தடையை, அச்சத்தின் பெயரால் அழித்துவிட்ட ஒரு காலத்தைக் காட்டுகிறது.

கிராஃப் ஒரு சிறுவனை எவ்வாறு போர்வீரனாக்குகிறார்?

அடித்து அல்ல, தனிமைப்படுத்தி. விண்வெளிப் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே, மற்ற பிள்ளைகள் அனைவரும் கேட்கும்படி எண்டரை மட்டும் உயர்த்திப் பேசுகிறார். அந்தப் புகழ்ச்சி அவனைக் காக்கும் பரிசன்று. சக பிள்ளைகளின் வெறுப்பை அவன்மேல் திருப்பும் கருவி. அக்கா வாலண்டைனுக்கு அவன் எழுதும் கடிதங்கள் தடுக்கப்படுகின்றன. அவன் ஒரு குழுவில் நண்பர்களைப் பெற்றவுடன் வேறு குழுவுக்கு மாற்றப்படுகிறான். தனக்கு உதவ யாரும் வரமாட்டார்கள் என்று அவன் நம்ப வேண்டும் என்பதே திட்டம்.

பற்றுதலைக் குறித்த உளவியல் ஆய்வுகள் நமக்குச் சொல்வது, துன்பத்தில் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்ள நம்பத்தக்க ஒரு பெரியவர் இருக்கும்போதுதான் பிள்ளையின் மனம் பாதுகாப்பாக வளர்கிறது என்பதாகும். அந்தப் பெரியவரை அகற்றிவிட்டு, வெறுமையான இடத்தில் தளபதியை அமர்த்துவது ஆயுதக் குழுக்களின் பழைய உத்தி. தந்தையின் இடத்தில் கிராஃப் தம்மையே வைத்துக்கொள்கிறார். அவர் எண்டர்மேல் உண்மையான பாசமும் வைத்திருக்கிறார் என்பதுதான் இந்தப் பாத்திரத்தின் மிகக் கொடிய அம்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறுப்பவரிடமிருந்து ஒரு பிள்ளை தப்பி ஓடலாம். அன்பு காட்டிப் பயன்படுத்துகிறவரிடமிருந்து அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது.

போர் முடிந்தபின் அந்தச் சிறுவனிடம் என்ன எஞ்சியிருக்கும் என்று ஆண்டர்சன் கேட்கிறார். எதுவும் எஞ்சாமற் போனால்தான் என்ன என்பது கிராஃபின் பதில். படத்தின் மற்ற விவாதங்கள் எல்லாம் இந்த இரண்டு வரிகளிலிருந்து கிளைப்பவையே.

விழுந்துவிட்ட எதிரியை எண்டர் தொடர்ந்து உதைப்பது ஏன்? அவன் இயல்பிலேயே கொடியவனா?

பள்ளியில் தன்னைத் துன்புறுத்திய மாணவனை வீழ்த்திய பின்பும் எண்டர் உதைக்கிறான். காரணம் கேட்டபோது, இந்தச் சண்டையோடு இனி வரக்கூடிய எல்லாச் சண்டைகளையும் சேர்த்து வெல்ல விரும்பியதாகச் சொல்கிறான். அதைக் கேட்டு கிராஃப் மகிழ்கிறார். எண்டரோ வன்முறை மிகுந்த தன் அண்ணன் பீட்டரைப்போல் தானும் ஆகிவிட்டேனோ என்று அஞ்சுகிறான். அந்த அச்சமே அவன் பீட்டர் அல்லன் என்பதற்குச் சான்று. தொடர்ந்து அச்சுறுத்தப்படும் பிள்ளை, ஆபத்தைக் குறைப்பதற்கு ஒரே வழி அதை வேரறுப்பதுதான் என்று கற்றுக்கொள்வது அரிதன்று. யாரும் தன்னைக் காக்க வரமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்த பிள்ளையின் தற்காப்பு அது. நாவலில் அந்த மாணவனும், பின்னர் எண்டரோடு மோதும் பான்சோவும் இறந்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி எண்டரிடமிருந்து மறைக்கப்படுகிறது. படம் இதைத் தணித்து, பான்சோ படுகாயமடைவதோடு நிறுத்திக்கொள்கிறது. நாவலின் கடுமையே உண்மைக்கு நெருக்கமானது என்பேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனிச் சண்டையில் எண்டர் கையாண்ட அதே தர்க்கத்தைத்தான் பன்னாட்டுப் படை ஓர் இனத்தின்மேல் கையாளுகிறது. பிள்ளையிடம் காயமாக இருந்தது, பெரியவர்களிடம் கொள்கையாகிவிட்டது.

எதிரியை முழுமையாகப் புரிந்துகொள்ளும் கணத்தில் அவனை நேசிக்கிறேன் என்று எண்டர் சொல்வது, இயேசு கற்பித்த பகைவர் அன்புதானா?

படத்தின் தொடக்கத்திலேயே திரையில் இந்தக் கருத்து வருவதால் கிறிஸ்தவப் பார்வையாளர்கள் பலர் இதனால் ஈர்க்கப்படுகிறார்கள். இங்கே நிதானம் தேவை.

ஒருவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுகொள்ளும் திறனையும், அவர் படும் வேதனைக்காக மனம் கசியும் இரக்கத்தையும் உளவியல் வேறுபடுத்துகிறது. முதலாவது மட்டும் உள்ளவர் தேர்ந்த ஏமாற்றுக்காரராகவும் ஆக முடியும். எண்டரிடம் இரண்டும் இருக்கின்றன. பன்னாட்டுப் படைக்கோ முதலாவது மட்டும் போதும். இரக்கம் மிகுந்தவள் என்பதால் வாலண்டைனும், வன்முறை மிகுந்தவன் என்பதால் பீட்டரும் ஒதுக்கப்பட்டு, இருவருக்கும் இடைப்பட்டவனாக எண்டர் தேவைப்பட்டான். அவனுடைய நேசிக்கும் ஆற்றலைத் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடியாக அவர்கள் மாற்றினார்கள். இந்தப் படத்தில் இழைக்கப்படும் முதன்மையான அநீதி இதுவே என்று நான் நினைக்கிறேன். சிறுவனின் கையில் ஆயுதம் கொடுப்பது கொடுமை. அவனுடைய அன்பையே ஆயுதமாக்குவது அதனினும் கொடுமை.

“உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னபோது, அந்த அன்பு வெல்வதற்கான வழியாகச் சொல்லப்படவில்லை. சபிக்கிறவர்களை ஆசீர்வதிப்பதும், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபிப்பதும் அதன் தொடர்ச்சியாக வருகின்றன. எதிரி நன்றாக வாழ வேண்டும் என்று விரும்பும் அன்பு அது. எண்டரின் புரிதல் அந்த அன்பாக மாறுவது போரில் அல்ல, போர் முடிந்து அரசியின் கருவைக் கையில் ஏந்தும்போதுதான். அதுவரை அன்பு போலத் தோன்றியது, அன்புக்கான விதை மட்டுமே.

உண்மையை அறியாமல் செய்த செயலுக்கு எண்டர் குற்றவாளியா?

சட்டத்தின்படி பார்த்தால் இல்லை. அறியாமல், ஏமாற்றப்பட்டு, சிறுவயதில் செய்தான். ஆனால் “உன்மேல் தவறில்லை” என்ற சொல் அவனுக்குப் போதவில்லை. வென்றோம், அதுதான் முக்கியம் என்று கிராஃப் சொல்லும்போது, எப்படி வென்றோம் என்பதும் முக்கியம் என்று எண்டர் மறுக்கிறான்.

இந்த நிலைக்கு உளவியல் இன்று அறக்காயம் என்று பெயரிடுகிறது. வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, முறையான அதிகாரம் உடைய ஒருவர் மிக முக்கியமான தருணத்தில் சரியானதைக் காட்டிக்கொடுப்பதையே இதன் மையமாகக் கண்டார். பிரெட் லிட்ஸும் அவருடைய சகாக்களும் 2009-இல் எழுதிய கட்டுரை, தன் ஆழ்ந்த அறநம்பிக்கைகளுக்கு எதிரானதைத் தானே செய்துவிடுவதையும் இதில் முதன்மைப்படுத்தியது. எண்டருக்கு இரண்டும் ஒரே நாளில் நேர்கின்றன: நம்பிய பெரியவர்கள் அவனைக் காட்டிக்கொடுத்தார்கள், அவன் கையே அழித்தது. அச்சத்தால் உண்டாகும் மனக்காயத்துக்குப் பாதுகாப்பு உணர்வு மருந்தாகலாம். குற்றவுணர்வாலும் அவமானத்தாலும் உண்டாகும் காயத்துக்கு அது மட்டும் போதாது.

போலிப்போர் என்ற திரையும் இங்கே முக்கியமானது. 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், அதிகாரம் உடையவர் கேட்டுக்கொண்டதால் பங்கேற்ற 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியபடியே இறுதிவரை சென்றார்கள். உண்மையில் மின்னதிர்ச்சி எதுவும் இல்லை. எண்டரின் நிலை இதன் தலைகீழ்: போலி என்று நம்பினான், அழிவு உண்மையாக இருந்தது. பெரியவர்களே மனசாட்சியைத் தள்ளிவைத்துக் கீழ்ப்படியும்போது, மனசாட்சிக்கு வேலையே இல்லை என்று நம்பவைக்கப்பட்ட சிறுவனை எப்படிக் குறைகூறுவது? (தொலைவில் இருந்து திரையைப் பார்த்துக் கொல்லும் போரின் அறத்தை இயக்குநர் ஹூட் 2015-இல் ‘ஐ இன் த ஸ்கை’ படத்தில் மீண்டும் கையிலெடுத்தார்.)

ஆனால் விவிலியம் இரத்தப்பழியை நோக்கத்தை மட்டும் வைத்து அளப்பதில்லை. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது. அறியாமல் கொன்றவனுக்கு அடைக்கலப் பட்டணம் கொடுக்கப்பட்டது. அவன் கொலைகாரனாகத் தண்டிக்கப்படவும் இல்லை, ஒன்றுமே நடவாததுபோல் வீட்டுக்கு அனுப்பப்படவும் இல்லை. எண்டருக்குத் தேவைப்படுவது அப்படி ஓர் இடம். அவனுடைய துயரத்தைப் பொய் என்று சொல்லாத, அவனைக் கொலைகாரன் என்றும் அழைக்காத இடம்.

கிராஃப் செய்தது தவறா? மனிதகுலமே அழிந்துவிடும் நிலையில் வேறு வழி இருந்ததா?

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோடிக்கணக்கான உயிர்களுக்கு எதிரே ஒரு சிறுவன் என்ற கணக்கை எதிர்கொள்ளும் எவருக்கும் கை நடுங்கும். ஆனால் இதே கணக்கை யோவான் நற்செய்தியில் பிரதான ஆசாரியனாகிய காய்பா போடுகிறான்: ஜனங்கள் எல்லாரும் கெட்டுப்போகாதபடிக்கு ஒரே மனிதன் மரிப்பது நலம் என்கிறான். அந்தக் கணக்கைக் கேட்ட நற்செய்தியாளர், அதை நீதி என்று பாராட்டவில்லை. அந்த அநீதியின் வழியாகவும் தேவன் செயலாற்றினார் என்றே காட்டுகிறார்.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் நீதியான போருக்கு மூன்று நிபந்தனைகளை வைத்தார்: முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். குடிமக்களைத் தாக்காமை, தேவைக்கு மிஞ்சிய அழிவைத் தவிர்த்தல் ஆகியவற்றையும் இந்த மரபு வலியுறுத்தி வந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஃபார்மிக்குகள் பூமியைத் தாக்கவில்லை. அவற்றோடு பேசும் முயற்சியும் பலன் தரவில்லை. இந்நிலையில் கோள் ஒன்றை, அதிலுள்ள எல்லா உயிர்களோடும் அழிப்பது இந்த அளவுகோலில் தேறாது. நினிவேயின் அழிவை எதிர்பார்த்து அமர்ந்திருந்த யோனாவிடம், வலது கை இடது கை வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காகத் தாம் பரிதபியாதிருப்பேனோ என்று தேவன் கேட்கிறார். கிராஃபின் போர்க்கூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை.

சிறுவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல் கட்டப்பட்டுக் கடலில் அமிழ்த்தப்படுவது அவனுக்கு நலம் என்ற மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் எச்சரிக்கை, விதிவிலக்கு ஏதும் இல்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. நெருக்கடி காலத்துக்கு வேறு விதி என்று அங்கே எழுதப்படவில்லை.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்றாரே? தாவீதும் சிறுவனாகப் போரிட்டாரே?

மோரியா மலையில் இறுதியாகக் கேட்ட கட்டளை, “பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே” என்பதாகும். பிள்ளைகளை அக்கினியில் தகனித்ததைக் குறித்து எரேமியா தீர்க்கதரிசி வழியாகத் தேவன், அதைத் தாம் கட்டளையிடவும் இல்லை, அது தம் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். தாவீதைப் பொறுத்தவரை, அவன் சவுலால் கட்டாயப்படுத்தப்படவில்லை, ஏமாற்றப்படவும் இல்லை. பிற்காலத்தில், மிகுந்த இரத்தத்தைச் சிந்தியதாலேயே ஆலயம் கட்டும் பேறு அவனுக்கு மறுக்கப்பட்டதை நாளாகமம் பதிவு செய்கிறது. யோசுவாவின் போர்கள் இதைவிடக் கடினமான கேள்வி. ஆனால் அவற்றில்கூடப் பெரியவர்கள் தங்கள் போரைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவில்லை.

தேவனுடைய பெயரே இந்தக் கொடுமைக்குப் பயன்படுத்தப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. உகாண்டாவில் ஜோசப் கோனி தலைமையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கடத்திய படை தன்னைக் கர்த்தரின் எதிர்ப்புப் படை என்று அழைத்துக்கொண்டது; பத்துக் கட்டளைகளைத் தன் இலக்காகச் சொன்னது. கிறிஸ்தவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது, குற்றவாளிக் கூண்டு எப்போதும் மற்றவர்களுக்கானது என்று எண்ண இயலாது.

எண்டரைக் கிறிஸ்துவின் சாயலாகக் காணலாமா?

மற்றவர்களுக்காகத் தெரிந்துகொள்ளப்பட்டவன், தனிமையில் துன்பப்படுகிறவன், பலருடைய பழியைச் சுமப்பவன் என்ற ஒற்றுமைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. தம் ஜீவனை ஒருவனும் தம்மிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக இயேசு சொல்கிறார். எண்டரிடம் யாரும் கேட்கவே இல்லை. பயன்படுத்தப்பட்ட ஒரு பிள்ளையை மீட்பர் என்று போற்றுவது, பயன்படுத்தியவர்களின் குற்றத்தை மறைத்துவிடும் ஆபத்து உடையது. ஆகவே இந்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. நாவலாசிரியர் கார்டு, மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிந்நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர். ஆனால் படம் எந்தச் சபையின் போதனையையும் முன்வைக்கவில்லை.

எண்டரைப் போன்றவர்களுக்குக் குணமடைதல் உண்டா?

உண்டு, ஆனால் தனியாக அல்ல. சியரா லியோனின் முன்னாள் சிறார் போராளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த தெரசா பெட்டன்கோர்ட்டின் ஆய்வுகளில், குடும்பத்தாலும் ஊராராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் மேம்பட்ட நிலையை அடைந்தார்கள். பழிச்சொல்லுக்கு ஆளானவர்களின் துன்பம் நீடித்தது. போரில் என்ன நடந்தது என்பது முக்கியம். திரும்பி வந்தபோது வாசலில் யார் நின்றார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். படத்தின் எண்டர் வீட்டுக்குத் திரும்புவதே இல்லை. அவனுக்காகக் காத்திருக்கும் வாசல் எதுவும் காட்டப்படவில்லை என்பது எனக்குப் படத்தின் பெரிய சோகமாகப் படுகிறது.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், போரில் கொன்றவர்களைக் கொலைகாரர்களாகக் கருதாவிட்டாலும், அவர்களுடைய கைகள் தூயவையல்ல என்பதால் மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நலம் என்று ஆலோசனை கூறினார். இன்றைய காதுக்கு இது கடுமையாக ஒலிக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு மேய்ப்பரின் அக்கறை இருக்கிறது: நடந்ததைத் திருச்சபை பார்த்தது, அதற்குத் துக்கித்தது, ஒரு காலம் குறித்தது, அந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் பந்தியில் இடம் தந்தது. வட உகாண்டாவில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ், இஸ்லாமியத் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து, கடத்தப்பட்ட பிள்ளைகள் தண்டனையின்றித் திரும்ப 2000-ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் அச்சோலி மக்கள் திரும்பி வந்தவர்களை முட்டையை மிதித்து ஊருக்குள் வரச்செய்யும் தங்கள் மரபுச் சடங்கால் ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாக் கதைகளும் அங்கே முடியவில்லை. சுமார் ஒன்பது வயதில் கோனியின் படையால் கடத்தப்பட்ட டொமினிக் ஓங்வென், பின்னாளில் அதே படையின் தளபதியானார். 2021-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கடத்தப்பட்ட குழந்தைப்பருவத்தைக் கருதியே ஆயுள்தண்டனை தவிர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரும் கொடுமை செய்தவரும் ஒரே மனிதராக இருக்க முடியும் என்பதை நீதியும் இரக்கமும் ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கிறது.

இளைஞர் கூடுகையில் இந்தப் படத்தைக் காட்டலாமா?

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டலாம்; ஆனால் பிறகு உரையாடுவதற்கு நேரம் ஒதுக்க முடியாவிட்டால் காட்டாமல் இருப்பதே நலம். எடையற்ற வெளியில் நடக்கும் பயிற்சிப் போட்டிகள் மிகவும் கவர்ச்சியானவை. பிள்ளைகள் அவற்றை ரசிப்பதைக் கடிந்துகொள்ள வேண்டாம். எண்டரும் ரசித்தான், அந்த ரசனையைத்தான் பெரியவர்கள் பயன்படுத்தினார்கள் என்று காட்டலாம். வன்முறையையோ, துன்புறுத்தலையோ நேரில் கண்ட பிள்ளைகள் குழுவில் இருந்தால் குளியலறைச் சண்டைக் காட்சியைக் குறித்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உரையாடலில் எண்டர் செய்தது சரியா என்று தொடங்கினால், பிள்ளைகள் உடனே தீர்ப்பு வழங்கத் தொடங்குவார்கள். அதைவிட, எந்தக் கட்டத்தில் எந்தப் பெரியவர் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று கேட்பது பயன்தரும். கிராஃப், ஆண்டர்சன், ராக்கம் என்று ஒவ்வொருவரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்போது வாய் திறந்திருக்கலாம், ஏன் திறக்கவில்லை என்று பிள்ளைகளே தேடட்டும். அந்தத் தேடல் நடக்கும்போது, தங்களிடம் உண்மையை மறைக்கும் பெரியவர்களைப் பற்றி யாரேனும் பேசத் தொடங்கினால், படத்தை அங்கேயே விட்டுவிட்டு அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும்.